மூன்று மைனர்கள்

“மைனர்” என்ற சொல் காதில் விழுந்ததும் நம் நாட்டவர் மனக்கண்முன் எழும் உருவம் எது? பட்டு ஜிப்பா, பன்னீர் வாடை, கழுத்திலே மைனர் செயின், பின்னாலே துதிபாடும் கூட்டம், முன்னாலே கரைந்துகொண்டிருக்கும் பாட்டன் சொத்து! நாடக மேடையும் வெள்ளித்திரையும் வளர்த்துவிட்ட உருவம் அது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினாலோ, அதே சொல்லுக்குள்ளே வேறொரு முகம் தெரிகிறது. சிரிக்கத் தூண்டும் முகமல்ல. சிந்திக்கத் தூண்டும் முகம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் முகம்.

1875-ஆம் ஆண்டுச் சட்டம் கிழித்த கோடு அந்தப் பதினெட்டு. கோட்டுக்கு இப்புறம் நிற்கும் பிள்ளைக்கு நிலம் இருக்கலாம், வீடு இருக்கலாம், வங்கியிலே பணம் இருக்கலாம். கையெழுத்துக்கு மட்டும் மதிப்பில்லை. மைனர் செய்யும் ஒப்பந்தம் பிறக்கும்போதே செத்த ஒப்பந்தம் என்று 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்புக் கூறிற்று. நல்ல ஏற்பாடுதான். பசித்த பிள்ளையிடம் ஒரு மிட்டாயைக் கொடுத்துவிட்டு ஓர் ஏக்கரை எழுதி வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் கைகள் நிறைந்த நாடல்லவா இது! ஆனால், பிள்ளையின் கையைக் கட்டிவைத்த சட்டத்துக்கு மற்றொரு கடமையும் உண்டு. பிள்ளைக்குப் பதிலாக எவன் கை அந்தச் சொத்தின்மீது விழுகிறதோ, அந்தக் கையையும் அது கட்டிவைக்க வேண்டும். அந்தக் கடமையைச் சட்டம் செய்கிறதா? யாருக்குச் செய்கிறது? யாருக்குச் செய்ய மறுக்கிறது? அதைத்தான், தோழர்களே, இங்கே ஆராயப் போகிறோம்.

பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவன் உடையவனல்லன், பொறுப்பாளன். இந்த நெறியைச் சட்டம் அறியாமலில்லை. 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்டுச் சட்டத்தைப் பாருங்கள். டிரஸ்டி தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்தைக்கொண்டு தனக்கு ஆதாயம் தேடக் கூடாது. விற்கும் பொறுப்பு தன்னிடம் இருக்கையில் வாங்குபவனாகவும் தானே வந்து நிற்கக் கூடாது. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தைப் பாருங்கள். காப்பாளனுக்கும் பிள்ளைக்கும் இடையே உள்ளது நம்பிக்கையின்மீது நிற்கும் உறவு என்கிறது. அந்தப் பதவியால் அவன் லாபம் அடையக் கூடாது என்கிறது. விவேகமுள்ள ஒருவன் தன் சொத்தை எவ்வளவு கருத்தோடு பார்ப்பானோ அவ்வளவு கருத்தோடு பார்க்கவேண்டும் என்கிறது. நீதிமன்றம் நியமித்த காப்பாளன் முன்அனுமதி பெறாமல் விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, தானம் கொடுக்க முடியாது, ஐந்தாண்டுக்குமேல் குத்தகைக்கு விடவும் முடியாது. நீதிமன்றம் கேட்டால் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலை நீட்டவேண்டும். வரவு செலவுக் கணக்கையும் காட்டவேண்டும்.

நெறி நேர்த்தியாகத்தான் இருக்கிறது. நம் நாட்டிலே நேர்த்தியான நெறிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அந்த நெறி யார் வீட்டு வாசல்வரை நடந்து வருகிறது, யார் வீட்டுத் தெருமுனையிலே நின்றுவிடுகிறது என்பதே கேள்வி. விடை காண, மூன்று மைனர்களை அருகருகே நிறுத்திப் பார்ப்போம்.

முதல் மைனர், ஜமீன் மைனர்.

பெரிய நிலப்பிரபு மாண்டுபோனான், பிள்ளை சிறுவன். ஆயிரக்கணக்கான ஏக்கர், அதைச் சுற்றிலும் ஆசைப்பட்ட பங்காளிகள், அமீனாக்கள், கடன்காரர்கள். அன்றைய வெள்ளை அரசாங்கம் என்ன செய்தது? “குடும்பத்தார் பார்த்துக்கொள்வார்கள்” என்று கைகட்டி நின்றதா? இல்லை! 1804-லேயே சென்னை மாகாணத்துக்கென ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1902-ல் அதற்குப் புதிய சட்டமே செய்தது. ஜமீன் முழுவதையும் அரசாங்கமே கையில் எடுத்துக்கொண்டது. கலெக்டர் கண்காணித்தார்; ரெவின்யூ போர்டு மேற்பார்வையிட்டது; கடன் அடைக்கப்பட்டது; கணக்கு எழுதப்பட்டது. பிள்ளைக்குப் படிப்பும் சொல்லிவைக்கப்பட்டது. சென்னைத் தேனாம்பேட்டையிலே ‘நியூயிங்டன்’ மாளிகை ஜமீன் சிறுவர்களுக்கென்றே நடந்தது. இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி சிறுவராக இருந்த காலத்தில் சமஸ்தானம் இந்த ஆளுகையில்தான் இருந்தது. 1889-ல் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

பிள்ளைப் பாசமா காரணம்? வரிப் பாசம்! ஜமீன் சிதறினால் பேஷ்குஷ் சிதறும்; பேஷ்குஷ் சிதறினால் கஜானா குலுங்கும். ஆகவே பிள்ளையின் சொத்தை அரசாங்கம் தன் சொத்தைப்போலக் காத்தது. காரணம் எதுவாயினும் ஆகட்டும், ஓர் உண்மை அன்றே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. வேண்டும் என்று நினைத்தால் பேசமுடியாதவன் சொத்தை அரசாங்கத்தால் காக்க முடியும்! 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போயிற்று, ஜமீன் மைனரும் மறைந்தான். அந்த உண்மை மட்டும் மறையவில்லை.

இரண்டாம் மைனர், கல் மைனர்.

வியப்படையாதீர்கள், நாம் வைத்த பெயரல்ல, நீதிமன்றங்கள் தந்த தகுதி. கோயிலில் உள்ள தெய்வச் சிலை சட்டத்தின் கண்ணில் ஓர் ‘ஆள்’. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குத் தொடுக்கலாம் என்று 1925-ல் பிரிவி கவுன்சில் வங்காளத்து வழக்கொன்றில் கூறிற்று. சிலை மைனரின் நிலையில் இருக்கிறது. பொறுப்பில் உள்ளவனே சொத்தைப் பாழாக்கினால் வழிபடும் பக்தன் அதன் சார்பில் வழக்காடலாம் என்று 1967-ல் உச்சநீதிமன்றம் கூறிற்று. உலகைப் படைத்துக் காப்பவர் என்று ஒருபுறம் ஓதுகிறார்கள். தம் ஒரு காணி நிலத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர் என்று மறுபுறம் தீர்ப்பு வாங்குகிறார்கள்! ஆண்டுகள் ஆயிரம் ஆனாலும் பதினெட்டு வயது நிரம்பாத மைனர் உலகத்திலே இவர் ஒருவர்தான்.

கேலி நிற்கட்டும், பூட்டுகளைப் பாருங்கள். 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு இந்து சமய அறநிலையச் சட்டம், 34-ஆம் பிரிவு: கோயில் நிலத்தை விற்றாலும், ஈடு வைத்தாலும், பரிவர்த்தனை செய்தாலும், ஐந்தாண்டுக்குமேல் குத்தகைக்கு விட்டாலும், ஆணையர் அனுமதி இல்லையேல் அந்த நடவடிக்கை செல்லாது. யாரும் வந்து மறுக்கவேண்டியதில்லை, அடியோடு செல்லாது. இது முதல் பூட்டு. 109-ஆம் பிரிவு: கோயிலின் அசையாச் சொத்தை மீட்கத் தொடுக்கும் வழக்குக்குக் காலவரம்புச் சட்டம் பொருந்தாது. பத்தாண்டு கழித்து வந்தாலும் சரி, ஐம்பதாண்டு கழித்து வந்தாலும் சரி, கதவு திறந்திருக்கும். இது இரண்டாம் பூட்டு. பதிவுச் சட்டத்திலே தமிழ்நாடு சேர்த்து, 2016 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 22-ஏ பிரிவு: அரசு நிலம், கோயில் நிலம், பூதான நிலம், வக்ஃபு நிலம் ஆகியவற்றை மாற்றும் பத்திரத்தை, உரிய அனுமதி இல்லையேல் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுத்தாக வேண்டும். இது மூன்றாம் பூட்டு.

நான்கு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட கோயில் நிலத்தைக் காக்க மூன்று பூட்டு, ஒரு துறை, ஓர் ஆணையர், மாவட்டந்தோறும் அலுவலர்கள். இவ்வளவு இருந்தும் திருட்டு நடக்கிறது, ஆக்கிரமிப்பு நடக்கிறது என்று ஏடுகளிலே படிக்கிறோம். பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்ட வீட்டிலேயே கன்னம் வைக்கிறார்கள் என்றால், பூட்டே இல்லாத வீட்டின் கதி என்ன?

அந்த வீட்டிலேதான் மூன்றாம் மைனர் குடியிருக்கிறான். இரத்தமும் சதையுமான மைனர். பசித்தால் அழும் மைனர். வளரும் மைனர். அந்த வளர்ச்சிக்காகவே சொத்துத் தேவைப்படும் மைனர்!

அவனுக்கு என்ன சட்டம்? இந்துவாகப் பிறந்திருந்தால் 1956-ஆம் ஆண்டு இந்து சிறார், காப்பாளர் சட்டம். அதன் ஆறாம் பிரிவு இயற்கைக் காப்பாளர் யார் என்று சொல்கிறது: தந்தை, தந்தைக்குப் பிறகு தாய். பத்து மாதம் சுமந்தவள் பட்டியலில் இரண்டாம் இடம்! தன் மகனுக்காகப் பத்திரத்தில் பணம் போடச் சென்ற எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம், தந்தையின் கையெழுத்து வேண்டும் என்றது ரிசர்வ் வங்கி. வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. ‘பிறகு’ என்றால் இறந்தபிறகு என்று மட்டும் பொருளல்ல. தந்தை பொறுப்பை ஏற்காத நிலையிலும், ஏற்கமுடியாத நிலையிலும் தாயே காப்பாளர் என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் சட்டத்தின் எழுத்து? அது மாற்றப்படவில்லை. தாய்க்குச் சம இடம் தரவேண்டும் என்று சட்ட ஆணையம் 1989-லும் சொல்லிற்று, 2015-லும் சொல்லிற்று. சொல்லி என்ன? ஏட்டில் உள்ள ஒரு சொல்லை மாற்ற எழுதுகோலுக்கு இவ்வளவு தயக்கம்!

இசுலாமியக் குடும்பத்துப் பிள்ளைக்கேனும் வேறு நீதியா? அங்கே தாய்க்கு இரண்டாம் இடங்கூட இல்லை. பிள்ளையின் சொத்தைப் பொறுத்தவரை தந்தை, தந்தை நியமித்தவர், தந்தையின் தந்தை, அவர் நியமித்தவர் என்று பட்டியல் ஓடுகிறது. தாய் வெறும் பராமரிப்பவள். அவள் செய்த விற்பனை செல்லாது என்று 1918-ல் பிரிவி கவுன்சிலும் பின்னர் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. மதம் இரண்டு, மறுக்கப்படும் மாதா ஒருத்தி!

ஆறாம் பிரிவிலே இன்னொரு வரியும் உண்டு. மணமான சிறுமிக்கு இயற்கைக் காப்பாளன் யார்? கணவன்! குழந்தை மணத்தைத் தடுக்க 1929-ல் ஒரு சட்டம், 2006-ல் அதைவிடக் கடுமையான சட்டம். மணப்பந்தலிலே போலீஸ்காரரை நிறுத்துகிறது ஒரு சட்டம். அந்தப் பந்தலைத் தப்பிவந்த மாப்பிள்ளையின் கையிலே சிறுமியின் சொத்துச் சாவியைக் கொடுக்கிறது இன்னொரு சட்டம். குற்றம் செய்தவனுக்குக் கொத்துச் சாவி பரிசு!

போகட்டும், காப்பாளர் யாரோ ஒருவர் அமர்ந்துவிட்டார். விற்கப் புறப்படுகிறார். எட்டாம் பிரிவு தடுக்கிறது: நீதிமன்றத்தின் முன்அனுமதி வேண்டும், பிள்ளைக்குத் தேவை அல்லது தெளிவான நன்மை இருந்தால் ஒழிய அனுமதி கிடையாது. கேட்பதற்கு இனிக்கிறதல்லவா? அனுமதி வாங்காமலே விற்றுவிட்டால்? அங்கேதான் தோழர்களே, வேற்றுமை வெளிப்படுகிறது. கல் மைனரின் நிலம் அனுமதியின்றி விற்கப்பட்டால் விற்பனை செல்லாது. இந்தப் பிள்ளையின் நிலம் அனுமதியின்றி விற்கப்பட்டாலோ, விற்பனை நிற்கும்! பிள்ளை வளர்ந்து, உண்மை அறிந்து, மறுத்து எழுந்தால்தான் சாயும்.

மறுக்க எவ்வளவு காலம்? 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் மூன்றாண்டு கொடுக்கிறது. பதினெட்டு நிரம்பிய நாளிலிருந்து மூன்றாண்டு. வழக்கே தொடுக்காமல், அதே நிலத்தைத் தானே வேறொருவருக்கு விற்பதுபோன்ற தெளிவான நடத்தையாலும் மறுக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2025-ல் சொல்லிற்று. அது ஓர் ஆறுதல். ஆனால் அந்த மறுப்பும் காலவரம்புக்குள் இருக்கவேண்டும். பதினெட்டிலிருந்து இருபத்தொன்று! நம் நாட்டு ஏழைப் பிள்ளைக்கு அது எந்தப் பருவம்? வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் புறப்படும் பருவம். பெண்ணாக இருந்தால் கழுத்திலே தாலி ஏறிக் கைக்குழந்தையோடு நிற்கும் பருவம். அந்தப் பருவத்திலே அவன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கவேண்டுமாம், தன் எட்டாம் வயதில் எழுதப்பட்ட கிரயப் பத்திரத்தைக் கண்டுபிடிக்கவேண்டுமாம், வக்கீலைப் பிடிக்கவேண்டுமாம், பெற்றவனையோ உற்றவனையோ எதிர்த்து நிற்கவேண்டுமாம்! மூன்றாண்டு கடந்தால் கதவு சாத்தப்படும். கல்லுக்குக் காலம் இல்லை. பிள்ளைக்குக் காலம் மூன்றாண்டு. காலத்தால் அழியாதது எதுவோ அதற்குக் காலவரம்பு விலக்கு. ஒவ்வொரு நாளும் வயிறு காய்வது எதுவோ அதற்குக் காலவரம்பு கண்டிப்பு!

இதுவாவது முன்வாசல். பின்வாசல் ஒன்று இருக்கிறது. அது பூட்டே இல்லாத வாசல். அதன் பெயர் கூட்டுக் குடும்பம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அண்ணன், தம்பி இருவர். பாகம் பிரியாத நான்கு ஏக்கர் பூர்வீக நன்செய். அண்ணன் மாண்டான். எஞ்சியது இளம் மனைவியும் ஏழு வயதுப் பெண்ணும். தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் செய்தது; இந்திய நாடாளுமன்றம் 2005-ல் திருத்தம் செய்தது. இன்று பெண்பிள்ளையும் மகனைப்போலவே பிறப்பால் பங்குரிமை உடையவள் என்று 2020-ல் உச்சநீதிமன்றம் உறுதிபடக் கூறியும்விட்டது. ஏட்டிலே அந்தச் சிறுமி நிலத்துக்கு உடையவள். வயலிலே?

வயலிலே சித்தப்பா நிற்கிறார். சித்தப்பா என்ற உறவுக்காக மட்டும் அவர் அந்தப் பிள்ளையின் சொத்தை விற்க முடியாது. வெறும் நடைமுறைக் காப்பாளன் மைனர் சொத்தைத் தொடக்கூடாது என்கிறது பதினோராம் பிரிவு. ஒரு வழக்கிலே, மைனரின் அக்காள் செய்த விற்பனையையே செல்லாது என்றது உச்சநீதிமன்றம். நல்லது. ஆனால் அதே சித்தப்பா மேல்துண்டை ஒருமுறை உதறிப் போட்டுக்கொண்டு, “நான் சித்தப்பாவாக வரவில்லை, குடும்பத்தின் கர்த்தாவாக வருகிறேன்” என்றால்? கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனரின் பிரியாத பங்குக்குக் காப்பாளரே நியமிக்கப்படமாட்டார் என்கிறது பன்னிரண்டாம் பிரிவு. அந்தப் பங்குக்கு எட்டாம் பிரிவு பொருந்தாது. கர்த்தா முன்அனுமதி பெறவேண்டியதில்லை என்று 1996-ல் உச்சநீதிமன்றமும் கூறிற்று. ஆள் ஒருவர்தான். நிலம் ஒன்றுதான். பிள்ளையும் ஒன்றுதான். சித்தப்பா என்றால் பூட்டு. கர்த்தா என்றால் திறப்பு! இதற்குப் பெயர் சட்டமா, செப்பிடு வித்தையா?

கர்த்தாவுக்கும் கட்டுப்பாடு உண்டு என்பார்கள். உண்டு. குடும்பத் தேவை அல்லது குடும்ப நன்மை இருக்கவேண்டும். 1856-ல் பிரிவி கவுன்சில் வகுத்த அளவுகோல் அது. ஆனால் அந்த அளவுகோல் எப்போது எடுக்கப்படுகிறது? விற்றபிறகு! வாங்குபவன் நல்லெண்ணத்தோடு விசாரித்தேன் என்று காட்டினால் அவனுக்குப் பாதுகாப்பு. பத்திரத்திலே “குடும்ப அவசியச் செலவுக்காக” என்ற ஒரு வரியை எழுதிவிட்டால், அது உண்மையா என்று விற்பனைக்குமுன் கேட்பதற்கு ஒருவர்கூட இல்லை. தாய் கேட்கலாமே என்பீர்கள். விதவைத் தாய் கர்த்தா ஆகமுடியாது என்று 1960-களிலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. கணவன் வீட்டு நிலத்திலே அவள் குரல் ஏறுமா?

கவனியுங்கள். நம் கிராமத்துப் பிள்ளையின் சொத்து எங்கே இருக்கிறது? வங்கிப் பெட்டகத்திலா? பங்குச் சந்தையிலா? பெரும்பாலும் பாட்டன் விட்டுச்சென்ற பாகம் பிரியாத நிலத்திலே! எங்கே சொத்து இருக்கிறதோ அங்கே பூட்டு இல்லை. எங்கே பூட்டு இருக்கிறதோ அங்கே ஏழைப் பிள்ளைக்குச் சொத்து இல்லை. இந்தப் பொருத்தம் தற்செயலா?

தற்செயல் அல்ல. வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விளங்கும். குடும்பத் தலைவனுக்கு மேலே கேள்வி கூடாது என்ற பழைய நினைப்பு. பிள்ளை தனி மனிதனல்ல, குலத்தின் துணுக்கு என்ற பழைய கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சென்றது தெரியுமா? தந்தை வாங்கிய கடன் தீராமல் அவர் மாண்டால் அவர் ஆன்மா மறுமையிலே துன்புறும். ஆகவே மகன் தீர்க்கவேண்டும் என்றது சாத்திரம். ஒருவர் நம்புவதும் நம்பாததும் அவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆனால் இது சட்டமாயிற்று! பிள்ளையின் ஒப்புதல் இல்லாமலே, அறத்துக்குப் புறம்பான கடன் அல்லாத தந்தையின் கடனுக்காகக் கூட்டுச் சொத்தில் மகனின் பங்கும் ஏலம் போயிற்று. காணாத நரகத்துக்குப் பயந்து கண்ணெதிரே நின்ற பிள்ளையின் கஞ்சிக் கலயத்தை உடைத்தார்கள். ஆன்மாவுக்கு விடுதலை கிடைத்ததோ இல்லையோ, வட்டிக்காரனுக்கு வயல் கிடைத்தது! இந்தக் கோட்பாட்டின்மீது புதிய கடன்களுக்காக வழக்குத் தொடுக்க முடியாது என்ற நிலை எப்போது வந்தது? 1905-ல் அல்ல, 2005-ல்! மனிதன் நிலவிலே நடந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து!

“பெற்ற தகப்பன் பிள்ளையைக் கெடுப்பானா? பாசமுள்ள குடும்பத்துக்குள்ளே நீதிமன்றத்தை நுழைக்கலாமா?” என்று சில நல்லவர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். நல்ல தகப்பனுக்காக யாரும் சட்டம் செய்வதில்லை. நல்ல தர்மகர்த்தா இருந்தால் 34-ஆம் பிரிவு எதற்கு? கோயிலைக் காக்கும் தர்மகர்த்தாவின்மீது உங்களுக்குச் சந்தேகம் வரும்போது அது முன்னெச்சரிக்கை. பிள்ளையைக் காக்கும் கர்த்தாவின்மீது எங்களுக்குச் சந்தேகம் வரும்போது மட்டும் குடும்பத் துரோகமா? பக்தி இருக்கிற இடத்திலேயே பூட்டு வேண்டுமென்றால், பாசம் இருக்கிற இடத்திலும் பூட்டு இருந்தால் குறைந்தா போகும்?

“ஒவ்வொரு அவசரத்துக்கும் கோர்ட்டுக்கு அலைந்தால் ஏழை என்ன ஆவான்? பிள்ளைக்கு நோய் என்றால் நிலத்தை விற்று மருந்து வாங்க ஆண்டுக்கணக்கில் வாய்தாவா?” என்பது இரண்டாம் கேள்வி. இதிலே நியாயம் இருக்கிறது, மறைக்கமாட்டோம். சட்டம் சொல்லும் நீதிமன்றம் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. கிராமத்து விதவைக்கு அது காசிக்குப் போவதுபோல. ஆனால் இதற்கு மருந்து, அனுமதியை ஒழிப்பதல்ல. அனுமதியை அருகில் கொண்டுவருவது. ஊருக்கு அருகில் உள்ள முன்சீப் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாமே; கட்டணமில்லாமல், நாள் கணக்குக் குறித்து, எளிய மனுவில் முடிக்கச் செய்யலாமே! வழி தூரம் என்பதற்காக மருத்துவமனையையா இடிப்பார்கள்? பாதை போடமாட்டார்களா?

“நடைமுறைக்கு ஒவ்வாது” என்பது மூன்றாம் குரல். சாலை விபத்திலே தந்தையை இழந்த பிள்ளைக்கு இழப்பீடு கிடைக்கிறது. அந்தப் பணத்தை உறவினர் கையிலா நீதிமன்றம் கொடுக்கிறது? மைனரின் பங்கை வங்கியிலே நீண்டகால வைப்பாகப் போட்டு, வயது வந்தபிறகு கொடு என்று 1990-களிலேயே உச்சநீதிமன்றம் நெறி வகுத்தது. தீர்ப்பாயங்கள் அதைப் பின்பற்றுகின்றன. பணத்துக்கு நடைமுறையில் ஒத்துவந்த பூட்டு, நிலத்துக்கு மட்டும் ஏன் ஒத்துவராது? தந்தை லாரியில் அடிபட்டு மாண்டால் பிள்ளையின் பங்குக்குப் பாதுகாப்பு. காய்ச்சலில் மாண்டால் சித்தப்பாவின் கருணை! இது என்ன கணக்கு?

ஆகவே, நாம் கேட்பது வானத்து நட்சத்திரம் அல்ல. ஏற்கெனவே செய்து, ஏற்கெனவே எண்ணெய் போட்டு, ஏற்கெனவே வேறொரு மைனரின் வாசலில் மாட்டியிருக்கிற அதே பூட்டுகளைத்தான்.

ஆறாம் பிரிவில் தாயைத் தந்தையோடு சமமாக எழுதுங்கள். சிறுமிக்குக் கணவன் காப்பாளன் என்ற வரியை அடித்துவிடுங்கள். எந்த மதத்துப் பிள்ளையாயினும் தாய்க்கு இந்த உரிமை வேண்டும்.

முன்அனுமதி இன்றி நடந்த மைனர் சொத்து விற்பனை, கோயில் நில விற்பனையைப்போலவே செல்லாது என்று ஆக்குங்கள்.

பன்னிரண்டாம் பிரிவின் பின்வாசலை அடையுங்கள். கர்த்தாவாயினும் யாராயினும், பிள்ளையின் பங்கைத் தொடுமுன் அனுமதி கேட்கட்டும்.

பதிவுச் சட்டத்தின் 22-ஏ பட்டியலிலே, அரசு நிலம், கோயில் நிலம், பூதான நிலம், வக்ஃபு நிலம் என்ற வரிசையில், ‘மைனர் நிலம்’ என்ற இரண்டு சொற்களைச் சேருங்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாத பத்திரத்தைச் சார்பதிவாளர் திருப்பி அனுப்பட்டும்.

மூன்றாண்டுக் கெடுவைப் பதினெட்டாம் பிறந்தநாளிலிருந்து எண்ணாதீர்கள். பிள்ளை உண்மையை அறிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். அந்தப் பிறந்தநாளில் காப்பாளர் எழுத்திலே கணக்கு ஒப்படைக்கவேண்டும் என்றும் விதியுங்கள். நீதிமன்றம் நியமித்தவனிடம் கேட்கலாம் என்றால், இரத்தம் நியமித்தவனிடம் கேட்கக் கூடாதா?

இவற்றிலே பெரும்பகுதி இந்திய நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் பெண்ணுக்குப் பங்கு என்று 1989-ல் தமிழ்நாடு முந்திக்கொண்டு எழுதியபோது, டில்லி பதினாறு ஆண்டுகள் கழித்துத்தான் பின்னால் வந்தது. பதிவுச் சட்டத்தில் கோயில் நிலத்துக்காகத் தனிப் பிரிவு சேர்த்ததும் தமிழ்நாடுதான். முந்திச் செல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

சட்டம் மாறும்வரை கைகட்டி இருப்பதா? இளைஞர்களே, படிப்பகத்திலே கூடும் மாலைகளில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் ஊரிலே தந்தையை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் பெயரில் பட்டா இருக்கிறதா, வில்லங்கச் சான்றில் என்ன ஏறியிருக்கிறது என்று அந்தத் தாயோடு உட்கார்ந்து பாருங்கள். பதினெட்டு நிரம்பிய பிள்ளையிடம், “தம்பி, உனக்கு மூன்றாண்டுதான் காலம், தங்கச்சி, உனக்கும் அதே காலம்தான்” என்று சொல்லுங்கள். மாவட்டத்திலும் வட்டத்திலும் இலவசச் சட்ட உதவிக் குழுக்கள் இருக்கின்றன. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பாராமல் உதவவேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் படிக்கட்டுவரை அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

ஜமீன் மைனரை அரசாங்கம் காத்தது, வரிக்காக. கல் மைனரை அரசாங்கம் காக்கிறது, பக்திக்காக. காக்கட்டும், அந்தப் பூட்டில் ஒன்றைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை நாம். மூன்றாம் மைனரிடம் வரியும் இல்லை, வரம் கொடுக்கும் ஆற்றலும் இல்லை. அவனிடம் இருப்பது வருங்காலம் ஒன்றுதான். அதைக் காப்பதற்கு அவன் மனிதப் பிள்ளை என்பதைத் தவிர வேறு காரணம் தேவையா? தேவை என்று சொல்கிற சட்டம் இன்னும் வயதுக்கு வராத சட்டம். அதை வயதுக்குக் கொண்டுவருவது நம் வேலை!